சீல் மட்டும் மாற்றித் தரப்படமாட்டாது

காசிமேட்டில் விசைப்படகு இஞ்சினுக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் ரோஸ்மேரியைத்தான் கூப்பிடுவார்கள். கடவுளை அப்புறம்தான். வயது முப்பத்துமூன்று, உயரம் ஐந்தடி, அதில் நாலடி பிடிவாதம். கல்மண்டபத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவள், முக்கால் மைல் தள்ளி நின்ற படகில் மூன்றாவது சிலிண்டர் இருமுவது காதில் விழுந்து, கத்தரிக்காயைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறாள். முக்கால் மைல் என்பது ஒருவேளை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கத்தரிக்காய் சத்தியமான உண்மை.

ஐஸ் பாக்டரிக்குப் பக்கத்தில், யாரோ கைவிட்ட ஒரு கன்டெய்னர் பெட்டிதான் அவளுடைய பட்டறை. அதன் கதவில் சிவப்புப் பெயின்டில், கப்பலில் வருகிறவனுக்கும் தெரிகிற அளவில் எழுதியிருக்கும்: சீல் மட்டும் மாற்றித் தரப்படமாட்டாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: கெஞ்சினாலும்.

அந்தப் போர்டுக்கு ஒரு கதை உண்டு. படகின் இஞ்சினிலிருந்து ஒரு நீண்ட ஷாப்ட் கிளம்பி, பின்பக்கத் துளை வழியாகக் கடலுக்குள் போய் விசிறியைச் சுற்றுகிறது. அந்தத் துளைக்குள் கடல் புகுந்துவிடாமல் ஷாப்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் சீல். சீல் கிழிந்தால் படகுக்காரன் சீலைத்தான் திட்டுவான். ஆனால் இஞ்சின் உட்கார்ந்திருக்கிற பெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் ஷாப்ட் கோணலாகத்தான் சுற்றும். இன்றைக்குப் புது சீல் போட்டாலும் அதே இடத்தில் நாளைக்குக் கிழியும். சீல் மாற்ற அரை நாள் போதும். பெட்டைச் சரிசெய்ய ஐந்து நாள் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற கடைசி நாளில், பொன்ராஜ் தன் படகு ‘அங்கம்மா’வைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் விட்டான். நாளைக்கு எல்லாப் படகும் கடலுக்குப் போகும், என் அம்மா பேர் வைத்த படகு மட்டும் கரையில் நிற்பதா என்றான். ரோஸ்மேரி இளகிவிட்டாள். “போட்டுத்தான் பாப்போமே” என்று சொன்னது அவன் இல்லை, அவளேதான். நாலாவது நாள் நடுக்கடலில் சீல் பிரிந்தது. எட்டுப் பேர் வாளி, ஐஸ் பெட்டி, சோற்று அண்டா, கடைசியில் ரப்பர் செருப்பு வரைக்கும் எடுத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டே காசிமேடு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் இறைத்த தண்ணீரில் கடலின் மட்டமே ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டதாகப் பேச்சு. பொன்ராஜ் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னே போய் நின்று சிவப்புப் பெயின்ட் வாங்கினாள்.

இப்பேர்ப்பட்ட ரோஸ்மேரிக்குத்தான் இடுப்பில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

இஞ்சின் குழியிலிருந்து ஏணியில் ஏறும்போது வலது தொடை மடிகிற இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, யாரோ ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதுபோல ஒரு வலி. சின்ன வயதிலிருந்தே அந்தக் கால் லேசாகக் கடுக்கும்தான். இப்போது உட்கார்ந்தால் டிக், எழுந்தால் டிக், கோயிலில் முழங்கால் போட்டால் பூசை வைக்கிற சாமியாரே திரும்பிப் பார்க்கிற மாதிரி டிக். அவள் புருஷன் நெல்சன் துறைமுகத்தில் நாற்பது டன் கன்டெய்னரை வண்டியால் கொத்தித் தூக்கி அடுக்குகிறவன். வீட்டில் குக்கர் மூடியைத் திறக்கப் பயப்படுவான்.

“ரோஸி, யாரோ கதவத் தொறக்குறாங்க பாரு” என்பான் படுக்கையிலிருந்து.

“கதவு இல்லய்யா, என் காலு.”

“கால்ல எதுக்குத் தாப்பா போட்டு வச்சிருக்க?”

ஜனவரியில் வலி ஏணியை ஜெயித்துவிட்டது. குழியில் இறங்கியவளை மூன்று பேர் சேர்ந்து தூக்கி எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் அவள் டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், சட்டையோடு சேர்த்துச் சிரிப்புக்கும் இஸ்திரி போட்டிருந்த ஓர் இளம் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

“உங்க இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் பந்தும் மாதிரி. கிண்ணத்தோட விளிம்பச் சுத்தி ரப்பர் வளையம் மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கும். அது கிழிஞ்சிருக்கு.”

ரோஸ்மேரியின் முகம் திருவிழா பல்பு போட்டதுபோல மலர்ந்தது. “சீலு! சீலு பூட்ச்சி, அதான?”

“சீல்னே வச்சுக்கலாம்.”

“இன்னா பண்ணுவீங்கோ?”

“கீஹோல் சர்ஜரி. மூணு சின்ன ஓட்டை போதும். கேமராவ உள்ள விட்டு, கிழிஞ்சதத் தைச்சுட்டு வெளிய வந்துடுவோம். ரெண்டு நாள்ல வீடு. ஆறு வாரத்துல மெதுவா வேலை ஆரம்பிக்கலாம்.”

பிப்ரவரி பன்னிரண்டு என்று நாள் குறித்தார்கள். ரோஸ்மேரி விரல் விட்டு எண்ணினாள். ஆறு வாரம் என்றால் மார்ச் கடைசி. ஏப்ரல் பதினைந்தில் தடைக்காலம் தொடங்கும். அந்த அறுபத்தோரு நாளில்தான் காசிமேட்டுப் படகெல்லாம் கரையேறி இஞ்சினைத் திறந்து வைக்கும். வருஷம் முழுக்க ரோஸ்மேரி ரோஸ்மேரியாக இருப்பது அந்த அறுபத்தோரு நாளில்தான். பதினொரு படகுகள் அவள் பேரைச் சொல்லிக் காத்திருந்தன. அவள் ஒரு வருஷம் படுத்தால், பத்தடி தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஆறுமுகநயினார் பதினொன்றையும் அள்ளிக்கொள்வார். அடுத்த வருஷம் ஒரு பொம்பளைக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றால் எவன் கொடுப்பான்?

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மூணு ஓட்டைச் செய்தி நெட்டுக்குப்பம் வரைக்கும் போய்விட்டது. போய்ச் சேரும்போது ஒரே ஓட்டையாகக் குறைந்திருந்தது.

சந்தோஷப்படாத ஒரே ஆள் நெல்சனின் தங்கை ஜானட். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ்.

“அண்ணி, எங்க ஜஸீமா டாக்டர்கிட்ட ஒரு தபா காட்டு. இடுப்பு மட்டும்தான் அவங்க பாக்குறது.”

“அதான் நாள் குறிச்சாச்சே!”

“கல்யாணத்துக்கே நாள் குறிச்சப்புறம் மாப்பிள்ளயப் பத்தி விசாரிக்கிறாங்க. ஓட்டை சின்னதுன்னா ஆபரேஷனும் சின்னதுன்னு ஆரு சொன்னா?”

ஜானட்டின் வாயை அடைப்பதற்காகவே ரோஸ்மேரி போனாள்.

டாக்டர் ஜஸீமா, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் படம் மாட்டும் பலகை எட்டும் என்கிற அளவுக்குக் குள்ளம். மேஜையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு பென்சில், ஆறிப்போன டீ. ரோஸ்மேரியை நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், காலை மடக்கித் திருப்பினார். டிக் கேட்டது. டாக்டர் தலையாட்டியதைப் பார்த்தால், வெகு நாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

“படமெல்லாம் படுத்துக்கிட்டு எடுத்ததாம்மா?”

“ஆமா. ஏன், படுத்தா தப்பா?”

“தப்பில்ல. ஆனா நீங்க வேலை செய்யறது நின்னுகிட்டுத்தானே? நின்னுகிட்டு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க.”

ரோஸ்மேரிக்குச் சுருக்கென்றது. இது அவள் வழக்கமாகச் சொல்கிற பேச்சு. கரையில் முட்டுக் கொடுத்து நிற்கிற படகு வேறு, தண்ணீரில் உட்கார்ந்த படகு வேறு. கரையில் அளந்த அளவு கடலில் மாறும். அதனால் படகைத் தண்ணீரில் இறக்கியபின் இன்னொரு முறை அளக்காமல் அவள் கையெழுத்துப் போடமாட்டாள். எதிர்ப்பட்டறை நயினார் அளக்கமாட்டார். பத்து வருஷமாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளாததற்கு அதுவே காரணம். ‘இந்தப் பொம்பளைக்கு வேல தெரியும்போல’ என்று நினைத்தாள். நினைத்ததும் எரிச்சல் வந்தது.

புதுப் படத்தில் டாக்டர் பென்சிலால் இரண்டு கோடு போட்டு அளந்தார்.

“பந்துக்கு மேல கிண்ணம் எவ்வளவு கவிஞ்சிருக்குன்னு ஒரு கோணம் பாப்போம். இருபத்தஞ்சு இருந்தா நல்லது. இருபதுக்குக் கீழ போனா கிண்ணம் ஆழமில்லன்னு அர்த்தம். உங்களுக்குப் பதினாலு.”

“எப்பலேர்ந்து?”

“எலும்பு வளரும்போதே அப்படி வளந்திருக்கு. கிண்ணத்துக்குப் பதிலா தட்டு. பந்து வெளிய நழுவப் பாக்குது, அதப் புடிச்சு நிறுத்தறது இந்த வளையம்தான். முப்பது வருஷமாப் புடிச்சிருக்கு. இப்ப கிழிஞ்சிருக்கு.”

“அதான் தைக்கப் போறாங்கோளே.”

“தைக்கலாம். ஆனா பாரம் மறுபடி அதே விளிம்புலதான் விழும். இன்னொண்ணு, கேமரா உள்ள போகணும்னா மூட்டைச் சுத்தி இருக்கிற உறையை அறுக்கணும். ஆழமான கிண்ணம்னா அது பெரிய விஷயமில்ல, கீஹோல் நல்லாவே வேலை செய்யும். உங்களுக்கு அந்த உறையும் பந்தைப் புடிச்சுக்கிட்டிருக்கு. அதுவும் தளந்துட்டா மூட்டு இன்னும் ஆடும். தையல் பிரியலாம், வலி கூடலாம். பந்து இன்னும் வெளிய தள்ளி, குருத்தெலும்பு சீக்கிரம் தேஞ்சுட்டா, நாப்பது வயசுல மூட்டையே மாத்தணும்னு வந்து நிப்பீங்க.”

“எல்லாருக்கும் அப்டித்தான் ஆவுமா?”

“இல்ல. சில பேருக்குக் கொஞ்ச காலம் நல்லாவே இருக்கும். ஆனா பதினாலுன்னு பாத்த பிறகு, வெறும் தையல் மட்டும் போட எனக்குத் தைரியம் வராது.”

“நீங்கோ இன்னா செய்வீங்கோ?”

“கிண்ணத்தைச் சுத்தி எலும்பை வெட்டி, கிண்ணத்தைத் திருப்பி, பந்துக்கு மேல கூரை மாதிரி கவிழ்த்து ஸ்க்ரூ போடுவேன். தேவைன்னா கிழிஞ்சதையும் அப்பவே பாத்துடலாம். பெரிய ஆபரேஷன், நான் மறைக்கமாட்டேன். ரத்தம் போகும். தொடை கொஞ்ச நாள் மரத்துப்போகலாம். அபூர்வமா எலும்பு சேராமப் போகலாம், நரம்பு அடிபடலாம். எட்டு வாரம் கக்கத்துல கட்டை. ஆறு மாசத்துக்கு ஏணி கூடாது.”

ரோஸ்மேரி எழுந்துவிட்டாள். டிக்.

“ஆறு மாசமா! தடைக்காலமே பூடும் டாக்டர். என் பொயப்பே அந்த ரெண்டு மாசந்தான்.”

“தடைக்காலம் அடுத்த வருஷமும் வரும்மா. இந்த மூட்டு உங்களுக்கு வலது பக்கம் ஒண்ணுதான் இருக்கு.”

“நான் தச்சிக்கினே போறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கோபமாக வேகமாக நடந்து போகத்தான் ஆசை. நொண்டிக்கொண்டே கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் எலும்பை வெட்டுகிற விஷயத்தைச் சொன்னதும் நெல்சன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜானட் அண்ணனுக்கு விசிறியபடியே அண்ணியைத் திட்டினாள். ரோஸ்மேரி எதையும் காதில் வாங்கவில்லை. பன்னிரண்டாம் தேதிக்குப் புது நைட்டி இரண்டு எடுத்துப் பையில் வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் தேதி காலை பொன்ராஜ் பட்டறைக்கு வந்தான். கையில் ஒரு பை நிறைய நண்டு. நண்டோடு வருகிறவன் நல்லதுக்கு வருவதில்லை என்பது ரோஸ்மேரிக்குத் தெரியும்.

“ரோஸக்கா, அங்கம்மாவுல தண்ணி கசியுது.”

“எங்க?”

“பின்னாலதான். சீல்ல.”

“வேற எங்கியோ சீலு மட்டும் மாத்திகினு ஓட்டிகினு கீற. போன தடைக்காலத்துல கூட பெட்டப் பாக்கச் சொன்னனே, பாத்தியா?”

“டைம் எங்க கீது? இதோ தடைக்காலம் வந்துகினே கீது, அப்ப மொத்தமா பாத்துக்கலாம். இப்பத்துக்கு சீலு மட்டும் மாத்திக் குடுத்துடுக்கா. ரெண்டே மாசம். தாக்குப் புடிச்சா போதும்.”

ரோஸ்மேரி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். காசிமேட்டில் எல்லாருக்கும் இந்தப் பிரசங்கம் மனப்பாடம். பங்குச் சாமியாருடைய பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷம். ரோஸ்மேரியுடையது நாற்பது. அது ஆரம்பித்தால் மேலே பறக்கிற காக்காய்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். பொன்ராஜ் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“கதவுல இன்னா எய்திக் கீது? படி.”

“தெரியும்க்கா.”

“சத்தமா படிடா!”

“சீல் மட்டும் மாற்றித் தரப்படமாட்டாது. கெஞ்சினாலும்.”

“ஏன் எய்தினேன்? சீலு இன்னாடா பாவம் பண்ணுச்சி? அது அது வேலயப் பாத்துகினு சிவனேன்னு குந்திக்கினு கீது. உக்கார்ற எடம் கோணலு. கோணல அப்டியே உட்டுட்டு புச்சா சீலு போட்டா, அதுவும் அங்கயேதான் கியியும். கியியறப்ப சும்மா கியியாது, ஷாப்டயும் சேத்து இட்டுகினு பூடும். அரை நாள்ல ஆவுதுன்னு அரை நாள் வேல செய்யாத. ரெண்டு மாசம் மிச்சம் புடிக்கிறேன்னு படகயே…”

அங்கே நின்றுவிட்டது.

 பொன்ராஜ் பயந்துபோனான். ரோஸக்காவின் பிரசங்கம் பாதியில் நின்றதைக் காசிமேட்டில் உயிரோடிருக்கிற யாரும் பார்த்ததில்லை. சுனாமி வந்த அன்றைக்குக்கூட முடித்துவிட்டுத்தான் ஓடினாள் என்று சொல்வார்கள்.

“அக்கா? தண்ணி குடிக்கிறியா?”

அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு எழுத்துகள் இரண்டு வருஷ உப்புக்காற்றில் கொஞ்சம் உரிந்திருந்தன. ஆனாலும் நன்றாகப் படிக்க முடிந்தது.

“பொன்ராஜூ, படகக் கரைக்கு ஏத்து. பெட்டப் பாக்கலாம்.”

“இப்பவா? சீசன்லயா?”

“இப்பவே. என்னையும் ஏத்தப் போறாங்கோ. தொணக்கி நீயும் வா.”

அவன் ஒன்றும் புரியாமல் நண்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் ரோஸ்மேரி, நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு இஸ்திரிச் சிரிப்பு டாக்டரிடம் போனாள். முடிவு எடுத்தாகிவிட்டது, ஆனாலும் ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கின் வாயிலிருந்து கேட்காமல் வேலையை மாற்றக் கூடாது என்பது அவள் வைத்திருக்கிற முறை.

“இந்தக் கோணத்த அப்டியே வச்சிகினு நீங்கோ தச்சா, எத்தினி நாளு நிக்கும் டாக்டர்?”

அவர் படத்தைப் பார்த்தார். ஸ்கேல் கேட்டு வாங்கி அவரே ஒரு முறை அளந்தார். சிரிப்பின் இஸ்திரி கலைந்தது.

“இந்தப் படம் முன்னாடியே எடுத்திருக்கணும். நான் கேட்டிருக்கணும்.” ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, “இது பதினாலுதான். நீங்க ரொம்ப ஆசைப்பட்டா, செஞ்சுதான் பாப்போமே, சரியா வரலேன்னா அப்புறம் பெரிய ஆபரேஷன்…” என்று இழுத்தார்.

“வோணாம் டாக்டர். அந்த ‘பாப்போமே’வ நானும் ஒரு தபா சொன்னேன். எட்டுப் பேரு செருப்பால தண்ணி எறச்சாங்கோ.”

டாக்டருக்குச் செருப்பு விவரம் தெரியாது. ஆனாலும் அவர் பன்னிரண்டாம் தேதியைத் தன் கையாலேயே அடித்தார்.

“அந்த ஆபரேஷன் நான் செய்யறதில்ல. செய்யறவங்ககிட்டயே போங்க. நீங்க கேக்குறது சரிதான்” என்றார். அதற்காக ரோஸ்மேரி அவரை மன்னித்துவிட்டாள்.

அடுத்த வேலை அவள் வாழ்நாளிலேயே கஷ்டமானது. எலும்பை வெட்டுவது அதற்குக் கால்தூசு. பத்தடி நடந்து ஆறுமுகநயினாரின் பட்டறை வாசலில் போய் நின்றாள். பத்து வருஷத்தில் முதல் தடவை. அறுபது வயதுக்காரர். தலை வழுக்கை, மீசை மட்டும் இரண்டு பேருக்குப் போதும்.

“வா தாயே. இன்னா, வழி தவறி வந்துட்டியா?” என்றார் நயினார்.

“பதினொரு படகு கீது. எட்டு உனக்கு. மூணு எனக்கு.”

நயினார் குடித்துக்கொண்டிருந்த டீ மீசையிலேயே நின்றுவிட்டது. “இன்னா வெளயாட்றியா?”

“ஆறு மாசம் நான் குழியில எறங்க முடியாது. நீ செய்யி. ஆனா ஒரு கண்டிஷனு.”

“அதான பாத்தேன்.”

“தண்ணில எறக்குனப்புறம் மறுபடி கேஜு வச்சி அளக்கணும். எட்டுக்கும். நாலு பக்கமும்.”

“முப்பத்தஞ்சு வருஷமா கரையில வச்ச கேஜு போதும்னு வேல செய்றேன். எனக்கே கத்துத்தரியா?”

“கத்துத்தரல. எட்டு படகு தரேன். வோணாம்னா சொல்லு, திருவொற்றியூர்ல ஆளு கீறாங்கோ.”

நயினார் மீசையைத் துடைத்தார். அவள் பட்டறைக் கதவைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அவளுடைய காலைப் பார்த்தார்.

“அந்த மூணு படகுக்கு உனக்குக் குழியில எறங்க ஆளு?”

“எம் புருஷன்.”

நயினார் சிரித்த சிரிப்பில் ஐஸ் பாக்டரியில் கட்டி உருகிவிட்டது. “குக்கருக்குப் பயப்படுற நெல்சனா! ஐயோ தாயே, அதுக்கு நானே எறங்குறேன். ஒங்க வூட்ல சாவு விழுந்தா மாலை வாங்கிகினு நான்தான வரணும்.”

பிப்ரவரி இருபதாம் தேதி டாக்டர் ஜஸீமா ஸ்டூல் மேல் ஏறி நின்று ரோஸ்மேரியின் கிண்ணத்தைத் திருப்பினார். நாலு மணி நேரம். வெளியே நெல்சன் ஜெபமாலையை உருட்டிய வேகத்தில் மணியிலிருந்து புகை வந்தது. கண் விழித்ததும் ரோஸ்மேரி கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியது இல்லை.

“எத்தினி?”

“இருபத்தெட்டு” என்றார் டாக்டர்.

“நின்னுகினு பாத்தப்புறம் சொல்லுங்கோ” என்றுவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள்.

முதல் மூன்று வாரம் நரகம். அதை இங்கே மிகைப்படுத்தத் தேவையில்லை. கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போவது ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு நடப்பது மாதிரி இருந்தது. ஒரு நாள் கட்டையை வீசி எறிந்துவிட்டு, தைத்தே போயிருக்கலாம் என்று அழுதாள். ஜானட் கட்டையைப் பொறுக்கிக் கையில் கொடுத்து, “அழு அண்ணி. அழுதுகினே நட. எட்டு நடை பாக்கி கீது” என்றாள். நடந்தாள். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருந்தது. டாக்டர் முன்பே சொன்னதுதான், கேட்டு வைத்திருந்ததால் பயம் வரவில்லை. எட்டாவது வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு சேர ஆரம்பித்திருந்தது. இரண்டு கட்டை ஒன்றாயிற்று. ஒன்று கைத்தடியாயிற்று.

தடைக்காலத்தில் காசிமேடு இதுவரை பார்க்காத காட்சியைப் பார்த்தது. கரையேறிய படகின் மேல்தட்டில், இஞ்சின் குழிக்கு நேர் மேலே, ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. ஏணி கூடாது என்பதால் நாற்காலியோடு சேர்த்து ரோஸ்மேரியைக் கிரேனில் கட்டித் தூக்கி வைத்தார்கள். கிரேனை ஓட்டியவனுக்குப் பக்கத்தில் நின்று நெல்சன், நாற்பது டன்னை அசராமல் தூக்குகிறவன், “மெதுவா மாமு, மெதுவா, உள்ள இருபத்தெட்டு டிகிரி கீது” என்று கத்தினான். குழிக்குள் ஆறுமுகநயினார். மேலிருந்து அவள் காதால் பார்த்தாள்.

“அந்த நட்டு முழுசா எறங்கல.”

“ஒனக்கு எப்டித் தெரியும்?”

“நீ மூச்சு வுட்டது பாதியில நின்னுச்சி.”

நயினார் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொரு சுற்று இறுக்கினார். நட்டு இறங்கியது.

மூன்று படகில் கடைசியாக அங்கம்மா. பெட்டைப் பிப்ரவரியிலேயே திறந்து பார்த்து, ஆபரேஷனுக்கு முன் முடிகிற வேலையில்லை என்று அவசரத்துக்கு முட்டுக் கொடுத்து, கரையை விட்டுத் தள்ளிப் போகாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது பெட்டை முழுசாகச் சரிசெய்து, புது சீல் கடைசியில்தான் என்று பழையதன் மேல் கிரீஸ் துணியை இறுக்கிக் கட்டி, ஜூன் பதின்மூன்றாம் தேதி பகல் மூன்று மணிக்குத் தண்ணீரில் இறக்கினார்கள். நாளை மறுநாள் எல்லாப் படகும் கடலுக்குப் போகும். பொன்ராஜ் இருப்புக் கொள்ளாமல் தட்டில் நடந்துகொண்டிருந்தான்.

“கரையிலயே சரியா இருந்துச்சேக்கா. கௌம்பிடலாமா?”

“குந்து.”

குழிக்குள் நயினார், இலை இலையாக நம்பர் போட்ட தகடு கோத்த கேஜை, இஞ்சினும் ஷாப்டும் சேர்கிற இணைப்பின் இடுக்கில் விட்டுப் பார்த்தார். நாலு பக்கமும் ஒரே தகடு நுழைந்தால் ஷாப்ட் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

“மேல அஞ்சு. கீய அஞ்சு. இடது அஞ்சு.” தகட்டை மாற்றுகிற சத்தம். “வலது… எட்டு.”

பொன்ராஜ் தலையில் கை வைத்தான். நயினார் குழியிலிருந்து தலையை நீட்டினார். மீசையில் கிரீஸ். முப்பத்தைந்து வருஷம் கரையில் மட்டும் கேஜ் வைத்த மனுஷன், கையிலிருந்த எட்டாம் நம்பர் தகட்டைத் தூக்கிக் காட்டினார்.

“கரையில அஞ்சுதான் தாயே இருந்துச்சி. என் கண்ணால பாத்தேன்.”

“பொய் சொல்லல நைனா நீ. படகு இப்பத்தான் நின்னுகினு கீது.”

நயினார் மறுபடி குழிக்குள் இறங்கினார். இரண்டு மணி நேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. இடையில் ஒரே ஒரு தடவை, “இந்த வருஷம் நீ குடுத்த எட்டு படகுலயும் தண்ணில கேஜு வச்சேன். மூணுல மாறியிருந்துச்சி. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்” என்று ஒரு குரல் வந்தது. அவள் கேட்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு, நாற்காலி உடைகிற அளவுக்கு மனசுக்குள் குதித்தாள்.

ஐந்து மணிக்கு நாலு பக்கமும் ஐந்து.

“ஸ்டார்ட் பண்ணு” என்றாள்.

இஞ்சின் இருமி, தொண்டையைச் செருமி, பிறகு பிடித்துக்கொண்டது. ஷாப்ட் சுற்றியது. ரோஸ்மேரி கைத்தடியை ஊன்றி நாற்காலியை விட்டு எழுந்தாள். தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் வலது காலைத் தட்டின் பலகை மேல் வைத்து, பாரத்தை மெல்ல அதன் மேல் சாய்த்தாள். கோணலாகச் சுற்றுகிற ஷாப்ட் உள்ளங்காலில் உதறும். எத்தனையோ வருஷமாக அவள் இடது காலால்தான் அதைக் கேட்டு வந்தாள். வலது கால் பாரம் தாங்காது.

நெல்சன் படகுத்துறையிலிருந்து கத்தினான். “ரோஸி, சத்தம் கேக்குதா?”

முழுப் பாரமும் இறங்கியது. பலகை ஒரே சீராக அதிர்ந்தது. இடுப்பு வாயைத் திறக்கவில்லை.

“ஒண்ணும் கேக்கல” என்றாள். பிறகு பொன்ராஜ் பக்கம் திரும்பி, “இன்னாடா முழிக்கிற? சீலக் கொண்டா. இப்ப மாத்தலாம்” என்றாள்.